தாளடி நடுவதற்கு முன் தாள் மக்கட்டும்

ஐப்பசி வந்தால் எங்கள் பக்கம் டீக்கடையில் இதே பேச்சுதான், "தாளடி நெல்லு நட்டுப் பத்து நாளாச்சு, பயிர் பச்சையே கட்டலை." உடனே யூரியா வாங்கக் கிளம்புகிறார்கள். அதற்கு முன் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாக ஓடாமல் பழுப்பேறிக் குட்டையாக நின்று, பிடுங்கின இடத்தில் குமிழி கிளம்பி, சேறு புளித்த வாடை அடித்தால் பயிருக்கு இப்போது தேவை யூரியா இல்லை.

தாளடி என்பது குறுவை நெல்லை அறுத்த அதே வயலில் அடுத்து நடுகிற நெல். குறுவையை மெஷின் அறுத்துப் போட்ட வயலில் தாளும் வைக்கோலும் நிறையவே கிடக்கும். அதைச் சேற்றில் மடக்கி உழுது தண்ணீர் கட்டினால், காற்றில்லாத அந்தச் சேற்றுக்குள் ஒரு வகை நுண்ணுயிர்கள் அதைத் தின்று அசிட்டிக் அமிலத்தை விடும், வினிகரில் இருக்கிற அதே அமிலம், கூடவே கொஞ்சம் புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களும். இன்னொரு வகை அந்த அசிட்டிக் அமிலத்தைத் தின்று மீத்தேனாக வெளியே விடும். இந்த இரண்டாவது வகைக்குத்தான் குளிர் ஆகவே ஆகாது. 30, 35 டிகிரிச் சூட்டில் அமிலம் மளமளவென ஏறி அதே வேகத்தில் இறங்கிவிடும். 20 பக்கம் வந்தால் உண்டாவதும் மெதுவாகும்தான், ஆனால் தீர்வது அதைவிட மெதுவாகிப்போய் அமிலம் சேற்றிலேயே தங்கிவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்கிற வருஷங்களில் ஆனி வெயிலில் நடுகிற குறுவைக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. அடைமழையில் வெயிலே பார்க்காத தாளடி வயலில்தான் தெரியும்.

குளிரில் அமிலத்துக்கே வீரியம் கூடிவிடுகிறது என்பார்கள். அப்படி இல்லை. ஓர் அமிலத்தில் பாதி அயனியாகப் பிரிந்து பாதி முழுசாக நிற்கிற பி.எச். அளவைத்தான் பி.கே.ஏ. என்பது; பி.எச். குறையக் குறையப் புளிப்பு கூடும். அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. 25 டிகிரியில் 4.76, தண்ணீர் 0 டிகிரிக்குப் போனாலும் 50-க்குப் போனாலும் இரண்டாம் தசமம்தான் லேசாக அசையும். வேரைத் தாக்குவது அயனியாகப் பிரியாமல் முழுசாக நிற்கிற அமிலம். சேற்றின் பி.எச். 4.76 என்றால் பாதி அப்படி நிற்கும், 6.76 என்றால் நூற்றில் ஒரு பங்குதான். நம் வண்டல் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருப்பதால் பாதி தப்பிக்கிறோம், ஆனாலும் இளவேருக்குக் கொஞ்சமே போதும்.

அதனால் தாளை மடக்கி உழுத பிறகு இரண்டு வாரமாவது விட்டு நடுங்கள், பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கினாலும் அவசரம் வேண்டாம். நட்டாகிவிட்டதா, சரி, மழை விட்ட நாளாகப் பார்த்து வடிகாலைத் திறந்து, சேறு லேசாக வெடிப்பு விடுகிற வரை காய விட்டு அப்புறம் தண்ணீர் கட்டுங்கள். புதுவேர் வெள்ளையாக ஓடினதும் யூரியா போடலாம்.