அகத்தியரும் துருவனும் இடம் மாறிய தீவு: லா பால்மா நாட்குறிப்பு

24 பிப்ரவரி 2025, திங்கள்

அப்பாவுடன் லா பால்மா வந்து சேர்ந்தாயிற்று. அட்லாண்டிக்கில், ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் ஒன்று. விமான நிலையம் கிழக்குக் கரையில் இருக்கிறது. நாங்கள் தங்கும் புந்தகோர்தா என்ற கிராமம் வடமேற்கில். கிழக்கே மேகம் கவிந்து தூறிக்கொண்டிருந்தது. நடுவில் மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை. மழையோடு உள்ளே நுழைந்த கார், மறுபக்கம் சுள்ளென்ற வெயிலில் வெளியே வந்தது.

“செங்கோட்டை கணவாய் தாண்டின மாதிரி இருக்கும்மா” என்றார் அப்பா. அதே சங்கதிதான். வடகிழக்குக் காற்று ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடுகிறது.

வியாழன் அமாவாசை. அதைப் பார்த்துத்தான் டிக்கெட் போட்டேன். அப்பா ஜெர்மனியில் எங்களோடு இருக்கும் இந்த மூன்று மாதத்தில், ஸ்டுட்கார்ட் வானம் ஒரு நாள்கூட அவருக்கு முகம் காட்டவில்லை.

25 பிப்ரவரி, செவ்வாய்

இன்றும் மேகம். உப்புத் தண்ணீரில் தோல் சுருங்கும்வரை வேகவைத்த குட்டி உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள பூண்டும் சீரகமும் மிளகாயும் அரைத்த மோஹோ. மோஹோவை மட்டும் அப்பா இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார். சீக்கிரம் படுத்துவிட்டோம்.

26 பிப்ரவரி, புதன்

இதை எழுதும்போது மணி இரவு ஒன்று. கை இன்னும் சில்லிட்டிருக்கிறது.

எட்டே காலுக்கு வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அப்பா குல்லா, மஃப்ளர், மேலே போர்வை. வீட்டுக்காரர் சின்ன சிவப்பு டார்ச் ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தார். வெள்ளை வெளிச்சம் ஒரு விநாடி பட்டாலும், கண் இருட்டுக்குப் பழக மறுபடி அரை மணி நேரம் ஆகும். சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது.

மேற்கே கடலுக்கு மேல், அடி அகன்று மேலே குறுகி, சற்றே சாய்ந்த கோபுரம் மாதிரி ஒரு வெளிச்சம். அதன் நடுவில் வெள்ளி கிரகம்.

“அது எந்த ஊர் வெளிச்சம்மா?”

“அந்தப் பக்கம் ஊரே இல்லப்பா. அமெரிக்கா வரைக்கும் தண்ணிதான்.”

கிரகங்கள் சுற்றும் தளத்தில் பரவிக் கிடக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுத் தெரிவது அது. ராசிமண்டல ஒளி என்பார்கள். நாற்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த அப்பா, பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் எனக்கு நட்சத்திரம் சொல்லிக்கொடுத்த அப்பா, எழுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக அதைப் பார்க்கிறார். நானும்தான்.

அப்புறம் ஒன்று நடந்தது. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தவர் தடுமாறினார். கார்த்திகை சரி. ரோகிணி சரி, பக்கத்தில் வியாழன் வேறு. திருவாதிரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஊரில் பத்து நட்சத்திரம் தெரிகிற இடத்தில் இங்கே நூறு தெரிகிறது. பழகிய உருவங்கள் எல்லாம் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள் போல ஆகிவிட்டன. “இரும்மா, இரு” என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டித் தேடினார்.

போன வருடம் அவருக்கு இடது கண்ணில் புரை நீக்கினார்கள். வலது கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை. இரவு வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸை ஒரு கண் மூடி, மறு கண் மூடி, மாற்றி மாற்றிப் பார்த்தார். இடது கண்ணுக்கு நீலம் கலந்த வெள்ளையாம். வலது கண்ணுக்குப் பழைய வேட்டி நிறமாம். வயதாக ஆக கண்வில்லை மஞ்சளாகி நீலத்தை விழுங்கிவிடும் என்று படித்திருக்கிறேன். ஒரே மனிதர், ஒரே இரவில், இரண்டு சிரியஸ்களைப் பார்க்கக் கேட்டது இன்றுதான்.

ஒன்பது மணி வாக்கில் எழுந்து தெற்கே திரும்பி நின்றார். கடலுக்கு மேல், ரொம்பத் தாழ்வாக, லேசாக மஞ்சளடித்து நடுங்கிக்கொண்டு ஒன்று.

“அகத்தியர்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏன் இவ்வளவு கீழ இறங்கிட்டார்?”

27 பிப்ரவரி, வியாழன்

காலையில் எழுந்து வந்தால், அப்பா டைனிங் டேபிளில் ஒரு ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அப்படியே எழுதி வைக்கிறேன்.

அகத்தியர், அதாவது கனோபஸ் நட்சத்திரம், வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) தெற்கே 52.7 டிகிரி. திருநெல்வேலியின் அட்சம் 8.7. தொண்ணூறிலிருந்து இரண்டையும் கழித்தால் 28.6. ஊரில் அவர் ஏறும் உச்சம் அது. துருவ நட்சத்திரத்தின் உயரம் எப்போதும் அந்த ஊரின் அட்சம்தான், ஏறக்குறைய. ஆக ஊரில் துருவன் 8.7.

லா பால்மாவின் அட்சம் 28.7. துருவன் 28.7, அகத்தியர் 8.6.

அப்படியே இடம் மாறியிருக்கிறார்கள்! அப்பா அந்த நான்கு எண்களையும் இரண்டு அம்புக்குறி போட்டுக் குறுக்காக இணைத்திருந்தார். பென்சிலை அழுத்திய அழுத்தில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. “துருவன் கதைய எத்தன பிள்ளைங்களுக்குச் சொல்லிருப்பேன். நம்ம ஊர்ல அவனச் சரியாப் பாத்ததே இல்ல. அடிவானப் புழுதியில மறைஞ்சிருவான்.”

அகத்தியருக்குக் கீழே, பகலில், நேர் தெற்கே எல் இயேரோ தீவு நீலக் கோடாகத் தெரிந்தது. கிரீன்விச்சுக்கு முன்னால் ஐரோப்பியர்கள் பலர் தீர்க்கரேகையை அங்கிருந்துதான் எண்ணினார்கள். சொன்னதும் அதையும் ரசீதில் குறித்துக்கொண்டார்.

ராத்திரி வடக்கே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, துருவனை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்தார்.

28 பிப்ரவரி, வெள்ளி

தீவின் உச்சி மலை ரோக்கே தே லோஸ் முச்சாச்சோஸ், 2,426 மீட்டர். பகலில்தான் போனோம். இரவில் தொலைநோக்கி வளாகத்துக்குள் வெளியாருக்கு அனுமதி இல்லை, கார் விளக்கே அங்கே எதிரி. மேலே நின்று பார்த்தால், காலுக்குக் கீழே பஞ்சுப் பொதியாக மேகக் கடல். கிழக்குக் கரை ஊர்கள் எல்லாம் அதற்கு அடியில். ராத்திரி அந்த ஊர் வெளிச்சத்தை மேலே வரவிடாமல் மூடி வைப்பதும் அந்த மேகம்தான்.

கிரான் டெலஸ்கோப்பியோ கனாரியாஸ் என்ற பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி அறுகோணத் துண்டுகள் 36 சேர்ந்தது, மொத்தம் 10.4 மீட்டர். தேன்கூடு என்றார் அப்பா. எனக்கு மனதில் நின்றது ஐசக் நியூட்டன் தொலைநோக்கி. 1967இல் இங்கிலாந்தில் நிறுவி, அங்கே வானம் சரியில்லாமல், 1984இல் இந்த மலைக்குக் கொண்டுவந்து புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். இன்னும் வேலை செய்கிறது.

1 மார்ச், சனி

கிராமச் சந்தை. பாதாம், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, கத்தையாகக் கீரை.

மாலையில் வெள்ளிக்குக் கீழே, இரண்டாம் பிறை கீறல் மாதிரி. பிறையின் இருண்ட பாகமும் சாம்பலாகத் தெரிந்தது. பூமியிலிருந்து போய்ப் பட்ட வெளிச்சம்.

இருட்டியதும் தெருவில் நடந்தோம். விளக்குக் கம்பங்களில் ஆரஞ்சு நிற வெளிச்சம், தொப்பி போட்ட மாதிரி தரையில் மட்டும் விழுகிறது. கம்பத்துக்கு அடியிலேயே நின்று நிமிர்ந்து பார்த்தேன், கார்த்திகையை எண்ண முடிந்தது. 1988இல் இந்த வானத்துக்காகவே ஸ்பெயின் ஒரு சட்டம் போட்டது. விளக்கு மட்டுமல்ல, ரேடியோ அலை, புகை, விமானம் பறக்கும் பாதை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் இங்கே யாரும் தடவிக்கொண்டு நடக்கவில்லை. பாட்டிமார் வாசலில் உட்கார்ந்து பேசுகிறார்கள், பையன்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இருட்டை விட்டுக்கொடுக்காமல் இருக்க, வெளிச்சத்தைக் கைவிட வேண்டியதில்லை என்று நேரில் பார்க்கிறேன். எங்கள் தெரு எல்.இ.டி. விளக்குக்கு ஒரு தகரத் தொப்பி போட எவ்வளவு ஆகும் என்று அப்பா வீடு வரும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

3 மார்ச், திங்கள்

கிளம்பும் நாள். விமான நிலையம் போகும் வழியில், தீவின் தலைநகர் சாந்தா குரூஸில் லோஸ் இந்தியானோஸ். கியூபாவுக்குப் பிழைக்கப் போய்ப் பணத்தோடு திரும்பியவர்களை நினைத்துக் கொண்டாடும் திருவிழா. ஊரே வெள்ளை உடையில், ஒருவர்மேல் ஒருவர் டால்கம் பவுடர் வாரி இறைக்கிறார்கள். அப்பாவின் கறுப்புக் கோட்டிலும் இரண்டு கை விழுந்தது. அவர் தட்டவில்லை.

விமானத்தில் உட்கார்ந்ததும் ரசீதை எடுத்து, அம்புக்குறிகளுக்குக் கீழே ஸ்டுட்கார்ட் என்று எழுதினார். அட்சம் 48.8. துருவன் 48.8. அகத்தியருக்குக் கழித்துப் பார்த்தார். மைனஸ் 11.5. உதிக்கவே மாட்டார்.

அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

“சித்திரைல ஊருக்கு வாம்மா. ஏழேகால் மணிக்கு மாடியில தென்மேற்கே இருப்பார்.”