மஞ்சள் பலகையில் மாறும் எழுத்துகள்

கன்னியாகுமரியில் ஒரு சாயங்காலம் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறினேன். அசாமில் இருக்கும் திப்ருகர் வரைக்கும் போகிற வண்டி. 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, மூன்று நாளுக்கு மேல் ஆகும், நம் நாட்டில் இதைவிட நீளமாக ஓடும் ரயில் கிடையாது. வழியில் புவனேஸ்வரில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்பதற்காக டிக்கெட்டை இரண்டு துண்டாக எடுத்திருந்தேன்.

கேரளம் முழுக்கத் தூக்கத்திலேயே போய்விட்டது. கோவை தாண்டி விழித்தபோது எதிர் சீட்டில் ஒரு அசாம் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போகிறானாம். "ஏனுங்கக்கா, எங்க போறீங்க?" என்று அவன் கேட்டதும் எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை, அத்தனை சுத்தமான கொங்குத் தமிழ். பேசத்தான் தெரியும், படிக்க வராது என்றான். பஸ்ஸுக்கு நம்பரை வைத்துத்தான் போவானாம்.

அதற்கப்புறம் எங்களுக்கு ஸ்டேஷன் பலகைகள்தான் வேலை. ஓரத்தில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்றும் எழுதியிருக்குமே, அந்த மஞ்சள் பலகை. நெல்லூர் பக்கம் வந்ததும் தமிழ் போய்த் தெலுங்கு வந்துவிட்டது, எழுத்துக்கு மேல் 'டிக்' போட்ட மாதிரி ஒரு கோடு, அதற்குப் பெயரே தலைக்கட்டு. அவனுக்கு நான் தமிழ் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் 'தி', அடுத்து 'ரு', கடைசியில் அவன் கை நடுங்கி நடுங்கி 'திருப்பூர்' என்று முழுசாக எழுதிவிட்டு அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நாலு வருஷம் வாழ்ந்த ஊரின் பெயர்!

பதிலுக்கு அவன் ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினான். வரிசையாகப் பதினைந்து மொழிகள். "முதல் வரி எங்க மொழிங்கக்கா." தினமும் கையில் புழங்கும் நோட்டு, முதல் வரி அசாமி என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியதால் அசாமி முதலில் வருகிறது, நம் தமிழ் 13-வது. இரண்டாவது வரி வங்காளம். ரெண்டும் ஒரே எழுத்துதானே என்றேன். அவன் முகம் சட்டென்று மாறிவிட்டது. தாளில் பெரிதாக வரைந்து காட்டினான்: வங்காளத்தில் 'ர'வுக்கு அடியில் ஒரு புள்ளி வைப்பார்கள், அசாமியில் புள்ளி கிடையாது, வயிற்றுக்குள் ஒரு சாய்ந்த கோடு. 'வ'வுக்கு எங்களிடம் தனி எழுத்தே உண்டு, அடியில் கோடு போடுவோம், அவர்களிடம் அது இல்லை என்றான். பத்து என்பதை அவர்கள் 'தொஷ்' என்பார்களாம், இவர்கள் 'தொஹ்'. ஒரு மொழிக்காரனுக்கு அந்தச் சின்னக் கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தமிழ்க்காரிக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? மன்னிப்புக் கேட்டேன்.

ராத்திரி ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம். இருட்டில் ஆறு தெரியவில்லை, ஜன்னல் ஜன்னலாக ஆட்கள் காசு வீசினார்கள், இரும்பில் பட்டுத் தெறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. காலையில் சிலிகா ஏரி, பலகைகளில் ஒடியா. எழுத்துக்கு எழுத்து தலையில் குடை பிடித்த மாதிரி வளைவு. பனையோலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால்தான் வளைந்தது என்று சொல்வார்கள். நம் வட்டெழுத்துக்கும் இதே காரணத்தைச் சொல்வதுண்டு.

அவனிடம் விடைபெற்றுப் புவனேஸ்வரில் இறங்கினேன். பக்கத்தில் இருக்கும் தௌலிக் குன்றுக்குப் போகத்தான் இந்தப் பயணமே. பாறைக்குள்ளிருந்து ஒரு யானை முன்பாதி வெளியே வந்து நிற்கிறது, அதன் கீழே அசோகரின் கல்வெட்டு. இதை யாருமே படிக்க முடியாமல் எத்தனையோ நூற்றாண்டு போயிற்று. கல்கத்தா நாணயச்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் 1837-ல்தான் இதிலுள்ள பிராமி எழுத்தை அவிழ்த்தார். அசோகர் பல இடங்களில் பாறைகளில் வெட்டவைத்த சாசனங்களில், கலிங்கப் போருக்காக அவர் வருந்தியதைச் சொல்வது 13-ஆம் சாசனம். அது போர் நடந்த இந்த மண்ணில் வெட்டப்படவே இல்லை. தோற்ற மக்களிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள் போல. அதற்குப் பதில் இங்கே இருப்பது, எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று சொல்லும் தனிச் சாசனம். எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

2-ஆம் சாசனத்தில், எல்லைக்கு வெளியே மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்யச் சொன்ன நாடுகளின் பட்டியலில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சதியபுத்திரர் எல்லாம் வருகிறார்கள். யார் இந்தச் சதியபுத்திரர் என்று ரொம்ப நாள் சண்டை. 1981-ல் திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது, அதில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று இருந்தது. ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த நம்ம அதியமான்! அந்த வரி மனசில் இருக்க, கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாறையைப் பார்த்தேன். நம் 'க' பிராமியில் வெறும் கூட்டல் குறி. தேடினால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. நான் படிக்கும் தமிழும், அவன் எழுதிக் காட்டிய அசாமியும், காலையில் பார்த்த ஒடியாவும் அந்தக் கூட்டல் குறியிலிருந்து வளைந்து வளைந்து வந்தவைதான்.

இரண்டு நாள் கழித்து மறுபடி வண்டி. வங்காளம் போனது, பீகாரின் ஒரு மூலை போனது, எழுத்துகளுக்கு மேல் நேர்கோடு ஓடிக்கொண்டே வந்தது. குவாஹாத்தியில் இறங்கி டீ வாங்கிக்கொண்டு பலகைக்கு நேராகப் போய் நின்றேன். இரண்டாவது எழுத்தின் அடியில் அந்தச் சின்னக் கோடு இருந்தது.