ஆயிரம் என்று பெயர் வைத்த மாறிலி

தேயிலைத் தோட்டக் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு, சம்பள மாற்றத்தை அறிவிக்கும் அரசாங்க வர்த்தமானி என்றாலே வயிற்றைக் கலக்கும். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் எங்களுடையது சின்ன அலுவலகம். சுற்றுவட்டாரத்தில் சில தோட்டங்களுக்குச் செக்ரோல் எனும் வேலை நாள் பதிவு, கொழுந்து நிறுவை, சம்பளச் சிட்டை எல்லாம் எங்கள் மென்பொருளில்தான் ஓடுகின்றன. எங்கள் மென்பொருள் என்று சொன்னாலும் முதலில் எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். அவர் விட்டுப்போன நிரலில் எண்கள் போட்டது போட்டபடி கிடந்தன. சம்பளம் கணக்கிடும் இடத்தில் எல்லாம் வெறும் 1000. எதற்கு 1000 என்று ஒரு வார்த்தை கிடையாது.

அதற்கு முன்பு அங்கே 700 இருந்தது. 2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 700 ரூபா. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1000 ஆனது. அப்போது யாரோ 700ஐத் தேடித் தேடி 1000 ஆக்கியிருக்கிறார்கள். நிரலில் 700க்கு வேறு வேலை எதுவும் இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை.

2024 மே மாதத்தில் 1700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, பழைய வழியிலேயே 1000 எல்லாவற்றையும் 1700 ஆக்கிவிட்டு, சோதனைப் பிரதியில் ஒரு நாள் கணக்கை ஓடவிட்டார். சம்பளம் சரியாக 1700 என்றுதான் வந்தது. கொழுந்துதான் குறைந்துபோயிருந்தது.

நிறுவைத் தராசு எடையைக் கிராமில் அனுப்புகிறது. அதை 1000ஆல் வகுத்துக் கிலோவாக்குவது நிரலின் வேலை. அந்த 1000உம் 1700 ஆகிவிட்டது. 18,700 கிராம், அதாவது 18.7 கிலோ பறித்த ஒரு அம்மாவின் பெயருக்கு நேரே 11 கிலோ என்று விழுந்திருந்தது. அந்தத் தோட்டத்தில் அப்போது நோர்ம், அதாவது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு, 18 கிலோ. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். நோர்முக்குக் குறைந்தால் அரைப் பேர். ஆகச் சம்பளத்தை உயர்த்திய அதே கையோடு மென்பொருள் எல்லோருக்கும் அரைப் பேர் போட்டு வைத்திருந்தது. சாக்குக்கும் ஈரத்துக்கும் ஒரு கிலோ கழித்தாலே நிறுக்கிற இடத்தில் சத்தம் கிளம்பும். ஏழு கிலோ கழிந்திருந்தால் துரை பங்களா வரைக்கும் போயிருக்கும். நல்லவேளை, சோதனைப் பிரதியோடு நின்றது.

"எண்ணுக்கு ஒரு பெயர் வையுங்கள் தம்பி, மாறிலியாக ஒரே இடத்தில் எழுதுங்கள்" என்றேன். நிரலில் ஒரு மதிப்புக்குப் பெயர் கொடுத்து, ஓடும்போது மாறாதபடி வைப்பதுதான் மாறிலி. மறுநாள் வைத்துக்கொண்டு வந்தார். மாறிலியின் பெயர் 'ஆயிரம்'. சம்பளத்துக்கும் அதே ஆயிரம், கிராமுக்கும் அதே ஆயிரம். புது மதிப்பையும் போட்டிருந்தார்: ஆயிரம் = 1700. சிரிப்பு வந்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆயிரம் ரூபா சம்பளம் என்ற கோரிக்கையை வருடக்கணக்காகக் கேட்டு வளர்ந்த பிள்ளை. மலையகத்தில் சம்பளத்துக்கே ஆயிரம் என்றுதான் பெயர் இருந்தது.

மாறிலி எதற்கு என்று கேட்டால், ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்பார்கள். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். சரிதான், ஆனால் அது இரண்டாவது பயன் என்பது என் எண்ணம். எண்ணால் ஒன்றாக இருந்தாலும் வேலையால் வேறான இரண்டைப் பிரித்து வைப்பதுதான் முதல் பயன். ஒரு கிலோவுக்கு 1000 கிராம் என்பதை எந்த வர்த்தமானியும் மாற்றப்போவதில்லை. இருந்தாலும் அதற்கும் ஒரு பெயர் வேண்டும், ஏனென்றால் பக்கத்திலேயே இன்னொரு 1000 நிற்கிறது.

இதைவிடப் பொல்லாத ஒன்றை நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் கணக்கு மென்பொருளில் பார்த்தேன். 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8க்கு இறங்கியது. ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிப்பதும் 8 வீதம். எழுதியவர் 'எட்டு வீதம்' என்று ஒரே மாறிலியை இரண்டுக்கும் பயன்படுத்தியிருந்தார். இரண்டரை வருடம் எல்லாம் நன்றாக ஓடியது. 2022 ஜூனில் வற் 12 ஆனதும் அந்த ஓரிடத்தை மாற்றினார்கள். பில் சரியாக வந்தது. சமையல்காரரிலிருந்து காவலாளி வரைக்கும் சம்பளத்தில் 12 வீதம் வெட்டு விழுந்தது. முதலாளி கட்ட வேண்டிய பங்கும் 12 வீதமாகவே இருப்பதால் சிட்டையைப் பார்த்த கணக்காளருக்குச் சட்டென்று சந்தேகம் வரவில்லை. 12 பழகின எண்தானே. செப்டெம்பரில் வற் மறுபடி 15, 2024 ஜனவரியில் 18. சேமலாப நிதி இடையில் அசையவே இல்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். 1700 வழக்குக்குப் போய் நடைமுறைக்கு வராமலே நின்றது. இதற்குள் எண்களுக்கு ஒழுங்கான பெயர் வைத்து முடித்திருந்தோம்: நாட்சம்பளம், ஒரு கிலோவுக்குக் கிராம், நோர்ம். நோர்ம் தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் அதை மாறிலியிலிருந்து எடுத்துத் தோட்ட அலுவலகமே நிரப்பும் கட்டமாக்கினோம். நாட்சம்பளம் மட்டும் பொதுக் கோப்பில் மாறிலியாக இருந்தது.

2024 செப்டெம்பரில் 1350 வந்தது. மாற்றியது ஒரே ஒரு வரி. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இணையம் இழுபறி என்பதால், முழு மென்பொருளையும் அனுப்பாமல் அந்தப் பொதுக் கோப்பை மட்டும் அனுப்பிவைத்தோம். பின்னேரம் பெரிய கிளாக்கரிடமிருந்து அழைப்பு. "தம்பி, நீங்க அனுப்பினதைப் போட்டாச்சு. சிட்டையில இன்னும் ஆயிரமாத்தான் வருது." கோப்பைத் திறந்து பார்த்தால் 1350 தெளிவாக இருக்கிறது. கணினியை நிறுத்திப் போடச் சொன்னோம். அப்போதும் ஆயிரம்தான்.

இது ஜாவா என்ற நிரல் மொழியின் குணம். மாறிலியை ஸ்டாட்டிக் ஃபைனல் என்று அறிவித்து நேரடியாக ஒரு எண்ணைக் கொடுத்தால், அதைப் பயன்படுத்தும் மற்ற வகுப்புகளை, அதாவது நிரலின் மற்றப் பகுதிகளை, கணினி ஓட்டும் வடிவுக்குத் தொகுக்கும்போதே அந்த எண்ணை அவற்றுக்குள் பதித்துவிடும். ஓடும்போது மூலக் கோப்பிடம் மறுபடி போய்க் கேட்காது. சிட்டை அச்சிடும் பகுதி தொகுக்கப்பட்டபோது மதிப்பு 1000. அது தன் 1000ஐ வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது. சி ஷார்ப்பில் கான்ஸ்ட்டும் இப்படித்தான். அதற்காகவே அங்கே, ஓடும்போது மூலத்திலிருந்தே மதிப்பை எடுக்கும் ரீட்ஒன்லி என்று வேறொன்று இருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாகத் தொகுத்து, பென் டிரைவில் போட்டு, பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஒவ்வொரு மொழிக்கும் இதில் ஒரு குணம். பைத்தானில் பெரிய எழுத்தில் பெயர் வைப்பது மரியாதைக்குத்தான். மாற்ற நினைத்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். ஜாவாஸ்கிரிப்டில் கான்ஸ்ட் போட்ட பட்டியலுக்குள் தாராளமாகச் சேர்க்கலாம், நீக்கலாம். அந்தப் பெயருக்கு வேறு பட்டியலைக் கொடுப்பதற்கு மட்டும்தான் தடை.

1350 ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது இன்னொரு அழைப்பு. ஓய்வுபெற்ற ஒரு அம்மா சேமலாப நிதிக் காசு எடுப்பதற்காகப் பழைய சிட்டைகள் கேட்டிருக்கிறார். ஜூலை மாதச் சிட்டையை எடுத்தால் நாளுக்கு 1350 போட்டுக் கணக்குக் காட்டுகிறது. அந்த மாதம் கையில் கொடுத்ததோ 1000. பெயர் சரி, இருக்கும் இடமும் ஒன்று, தொகுத்ததும் சரி. ஆனாலும் பிழை. நாட்சம்பளம் எந்த நாளின் சம்பளம் என்று நிரலுக்குத் தெரியாது.

அதோடு அதை மாறிலிப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். இப்போது அது ஓர் அட்டவணை: இந்தத் திகதியிலிருந்து இவ்வளவு. 700, 1000, 1350 மூன்றும் தத்தம் திகதியோடு நிற்கின்றன. வேலை நாளைக் கொடுத்தால் அன்றைய சம்பளம் வரும். சேமலாப நிதியின் 8, 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதம் ஆகியவற்றையும் அதே அட்டவணையில் போட்டேன். இத்தனை காலம் மாறாததற்கு எதற்கு இந்தப் பாடு என்று தம்பி கேட்டார். நம் நாட்டில் கடிகாரமே மாறியிருக்கிறது என்றேன். 1996இல் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அதே வருடம் அரை மணித்தியாலம் பின்வாங்கி, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்கு வந்தோம். உலக நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டு என்று நிரலில் எழுதி வைத்தால் அந்தப் பத்து வருடத்துக் கணக்கு முழுக்கப் பிழையாகும். கடைசியில் மாறிலியாக மிஞ்சியவை கிராம் கணக்கும், பேருக்கு 1, அரைப் பேருக்கு 2 என்று நாங்களே வைத்துக்கொண்ட குறியீடுகளும்தான்.

2026 வரவு செலவுத் திட்டத்தில் 1350ஐ 1550 ஆக்கி, வருகைக்காக நாளுக்கு 200 ரூபா அரசாங்கம் கொடுக்கும் என்று அறிவித்தபோது, அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது என்று தம்பி சொன்னார். ஆனால் 1550 தோட்டத்தின் செலவு, 200 அப்படியல்ல. யார் கொடுப்பது என்று ஒரு கட்டம் அட்டவணையில் இல்லவே இல்லை. அதைச் சேர்த்துவிட்டுப் பெரிய கிளாக்கரிடம் மாதிரிச் சிட்டையைக் காட்டினேன். "இருநூறைத் தனி வரியாப் போடுங்க தம்பி, சேர்த்துப் போட்டா ஒவ்வொருத்தருக்கும் நான் நின்னு விளக்கணும்" என்றார்.