நிமிர்ந்த தலைகளை எண்ணுதல்

சில ஆண்டுகளுக்கு முன், சக ஆசிரியர் ஒருவரின் கணித வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை மாணவர்களை நோட்டமிட்டு, பாடத்தில் ஈடுபட்டிருப்பவர்களுக்குச் சரிக்குறியும் மற்றவர்களுக்குப் பெருக்கல் குறியும் இட்டேன். பாடவேளை முடிந்தபோது தாள் முழுவதும் ஏறக்குறைய சரிக்குறிகளாகவே இருந்ததால் எனக்கு மனநிறைவுதான். மறுநாள் குறிப்பேடுகளைப் புரட்டியபோது, ஆசிரியர் கரும்பலகையில் கைதவறி எழுதிவிட்ட ஒரு கழித்தல் குறியை வகுப்பே அப்படியே எழுதியிருந்தது. திருத்தி எழுதியிருந்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவருக்கு நான் பெருக்கல் குறி இட்டிருந்தேன்.

நான் எண்ணியது நிமிர்ந்த தலைகளையே என்பது அப்போதுதான் உறைத்தது.

ஃப்ரெட்ரிக்ஸ், புளூமன்ஃபெல்ட், பாரிஸ் ஆகிய மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பள்ளி ஈடுபாட்டை நடத்தை, உணர்வு, அறிவு என மூன்று இழைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. வகுப்புக்கு வருவதும் வேலையை முடிப்பதும் முதல் இழை. பள்ளி தனக்குரிய இடம் என்று தோன்றுவதும் பாடத்தின் மீதான ஆர்வமும் இரண்டாவது. கடினமான ஒன்றைப் புரிந்துகொள்ளத் தானே முன்வந்து உழைப்பது மூன்றாவது. ரீவ், செங் இருவரும் 2011இல் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: மாணவர் கேள்வி கேட்டும் விருப்பத்தைச் சொல்லியும் பாடத்தின் போக்கையே மாற்ற முனைவது. பல வகுப்பறைகளில் இந்த நான்காவதற்கு இடையூறு என்றுதான் பெயர்.

முதல் இழையை அளப்பது எளிது, வருகைப் பதிவேடே போதும். அதற்குப் பயனும் உண்டு. படிப்பை இடைநிறுத்துவது ஒருநாள் முடிவல்ல, தொடக்க வகுப்புகளிலேயே தொடங்கும் விலகலின் இறுதிக் கட்டம் என்று கல்வி ஆய்வாளர் ஜெரமி ஃபின் 1989இல் விளக்கியதை வைத்துப் பார்த்தால், அடிக்கடி விடுப்பு எடுப்பதை அற்பமாகக் கருத முடியாது. ஆனால் வருகை, உணர்வைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. 15 வயது மாணவர்களிடம் பல நாடுகளில் நடத்தப்படும் பீசா (PISA) ஆய்வின் 2000ஆம் ஆண்டுச் சுற்றில், பள்ளியில் தான் அந்நியமாக உணர்கிறேனா, எளிதில் நட்புக் கொள்கிறேனா என்பன போன்ற கூற்றுகள் தனியாகவும், தாமதமாக வருவதும் வகுப்பைத் தவிர்ப்பதும் தனியாகவும் கேட்கப்பட்டன.

மூன்றாவது இழைதான் சிக்கல். அது தலைக்குள் நடப்பது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஊகம்தான் மிஞ்சும். மாணவரையே கேட்கலாம் என்று வினாநிரல் கொடுத்தால் வேறு தொல்லை வருகிறது. 'வகுப்பில் முழுக் கவனத்துடன் இருக்கிறேன்' என்ற கூற்றுக்கு 1 முதல் 5 வரை எண் தரச் சொல்லும்போது, எந்த வகுப்பில், எந்த நாளில், யாரோடு ஒப்பிட்டு என்பதை ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி முடிவு செய்துகொள்கிறார்கள். ஆசிரியர் தாளை வாங்கிப் படிப்பார் என்றால் எண் தானாகவே ஏறிவிடுகிறது. இதற்கு மாற்றாக, நாளின் இடையில் எதிர்பாராத நேரங்களில் சமிக்ஞை தந்து, அந்தக் கணத்தில் என்ன செய்கிறார்கள், எப்படி உணர்கிறார்கள் என்று எழுதச் சொல்லும் முறை உண்டு. ஷெர்னாஃபும் பிறரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 526 பேரிடம் இம்முறையைப் பயன்படுத்தினர். விரிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தைவிடத் தனியாகவோ குழுவாகவோ வேலை செய்த நேரங்களில் ஈடுபாடு கூடுதலாக இருந்தது, வேலையின் கடினமும் தம் திறனும் உயர்ந்தும் ஒத்தும் இருந்தபோது இன்னும் கூடியது. அப்படியானால் ஈடுபாடு மாணவரின் நிலையான குணம் அன்று. கொடுக்கப்பட்ட வேலையைப் பொறுத்து ஏறி இறங்குவது. 'ஈடுபாடு குறைந்த மாணவர்' என்று ஒருவர் மீது முத்திரை குத்தும் மதிப்பெண் பட்டியல்களை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே.

இப்போது நான் அளப்பது மாணவரை அன்று, பாடவேளையை. நடுவில் ஒருமுறை நிறுத்தி, மனத்தில் அப்போது இருக்கும் கேள்வியைச் சிறு சீட்டில் எழுதச் சொல்கிறேன். தொடக்கத்தில் பெயரும் கேட்டேன். கேள்விகள் மிகவும் பணிவாக, பாடநூலின் பயிற்சியிலிருந்து எடுத்தவையாக இருந்தன. பெயரை விட்டுவிட்ட பின், வெற்றுச் சீட்டுகள் கூடின. கூடவே, 'இதை ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம்?' என்பது போன்ற கேள்விகளும் வரத் தொடங்கின.