ஜூன் 21-இல் விரித்த பாய் ஆடிக்குள் சுருண்டுவிடுவது ஏன்?

ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பரில் தீர்மானம் போட்டது. 2015 முதல் ஜூன் 21 சர்வதேச யோகா தினம். குமரி மாவட்டத்துக்கு அந்தத் தேதி அவ்வளவு ராசியில்லை, எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் சமயம் அது. மொட்டை மாடியில் உற்சாகமாகப் பாய் விரித்தவருக்கு நாலாம் நாள் மாடி நனைந்து கிடக்கும். ஹாலுக்கு வந்தால் அங்கே துணிக்கொடி, டிவி, பிள்ளைகளின் பை. ஆடி பிறக்கும்போது பாய் கட்டிலுக்கு அடியில் பூசணம் பூத்துக் கிடக்கும். "எனக்கு மனவுறுதி பத்தாது" என்பார்கள். பெரும்பாலும் காணாமல் போனது இடம்தான், மனவுறுதி இல்லை.

தொடங்கவைக்கிற காரணம் வேறு, தொடரவைக்கிற காரணம் வேறு. முதுகுவலிக்காக வருகிறவர் வலி குறைந்ததும் நிறுத்திவிடுவார். வலி திரும்பியதும் மறுபடி வருவார். எடை குறைக்க வருகிறவரின் நிலை இன்னும் மோசம். மெதுவாகச் செய்யும் 20 நிமிட ஆசனத்தில் செலவாகும் கலோரி கொஞ்சம்தான், சாயாவும் ரசவடையும் அதை ஈடுகட்டிவிடும். மூன்றாம் வாரம் எடை மெஷினைப் பார்த்து மனம் விட்டுப்போகும். சர்க்கரைக்காக வருகிறவர்கள் வாரம்தோறும் ரத்தம் கொடுத்துப் பலன் தேட வேண்டாம். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, அதை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும். மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது.

அமெரிக்காவில் யோகா மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் இதைப் பற்றிக் கேட்டு ஓர் ஆய்வு நடந்தது. உடற்பயிற்சிக்கும் மன அழுத்தத்துக்கும் என்றுதான் பெரும்பாலோர் தொடங்கியிருந்தார்கள். தொடர்ந்தவர்களில் பலருக்கு அந்தக் காரணம் வழியிலேயே மாறியிருந்தது. ஆகவே முதல் காரணம் சின்னதாக இருப்பதில் தவறே இல்லை. அது தேய்வதற்குள் அடுத்தது வந்து சேர வேண்டும், அதுவரை தாக்குப்பிடிக்கப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

பழக்கம் எத்தனை நாளில் ஒட்டும்? நம் ஊரில் மண்டலக் கணக்கு, 41 நாள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட கணக்கில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் ஒட்டின, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. 41-ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருந்தால் பயப்பட வேண்டாம் என்று அர்த்தம்.

அந்த ஆய்வில் ஒவ்வொருவரும் புதுப் பழக்கத்தை அன்றாடம் நடக்கும் ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். முக்கியமான விஷயம் இதுதான். "காலை 5 மணிக்கு" என்பதைவிட "பல் தேய்த்த பிறகு, சாயாவுக்கு முன்" என்பது பலமான முடிச்சு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவரிடம் பிரம்ம முகூர்த்தத்தைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. அந்த நேரத்தில் அவர் தோட்டத்தில் இருப்பார். பால் ஒப்படைத்து வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கு முன் குளிக்கப் போகிறாரே, அதற்கு முந்தைய கால்மணி நேரம்தான் அவருடையது. தாழ்ந்த பட்டையில் குனிந்தே வெட்டியவருக்கு முன்குனிதல் குறைவாக, புஜங்காசனம் போன்ற பின்வளைவு சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். குளச்சல் பக்கம் விசைப்படகில் போகிறவர் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கினால் ஆகஸ்ட் 1-க்கு என்ன செய்வது என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். கரையில் கட்டிய முடிச்சு கடலில் நிற்காது. கரை திரும்பிய நாளுக்கென்று இன்னொரு முடிச்சு வேண்டும்.

இரண்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாளுக்கு அரைமணி நேரம்: மூட்டு அசைவு, சூரிய நமஸ்காரம் 6 சுற்று (வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று சேர்ந்ததுதான் ஒரு சுற்று), திரிகோணாசனம், புஜங்காசனம், பவனமுக்தாசனம், நாடி சுத்தி (மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சு விடுவது) 9 சுற்று, கடைசியில் சவாசனம் (அசையாமல் மல்லாந்து படுப்பது) 5 நிமிடம். கல்யாண வீடு, கோயில் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா என்று வருகிற நாளுக்கு 8 நிமிடம்: சூரிய நமஸ்காரம் 3 சுற்று, சவாசனம் 3 நிமிடம். இந்த 8 நிமிடத்தை அரைகுறை என்று நினைக்க வேண்டாம். முடிச்சு அவிழாமல் காப்பது அதுதான். சூரிய நமஸ்காரத்துக்கு மந்திரம் சொல்லச் சங்கடப்படுகிறவர்கள் மூச்சை எண்ணிக்கொண்டே செய்யலாம்.

நேரமில்லை என்று எல்லோரும் முதலில் வெட்டுவது சவாசனத்தை. பெரிய தப்பு. வலி குறைய வாரக்கணக்காகும், மனம் அடங்கும் சுகமோ அன்றைக்கே கிடைக்கிறது, அது கிடைப்பது சவாசனத்தில்தான். மறுநாள் பாய் விரிக்கவைக்கும் கூலியே அதுதான்.

அடுத்து, வலி. புஜங்காசனத்தில் கையை நேராக ஊன்றி எழும்பினால் இடுப்பு பிடிக்கும். முழங்கையை மடித்து விலாவோடு ஒட்டி, தொப்புள் தரையை விடாத அளவுக்கு எழும்பினால் போதும். முன்குனியும்போது தொடையின் பின்பக்கம் இறுகியிருந்தால் இழுப்பு முதுகில் விழும், முழங்காலைத் தாராளமாக மடியுங்கள். சூரிய நமஸ்காரத்தில் மணிக்கட்டு வலித்தால் விரல்களை அகலமாக விரித்து, ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியிலும் பாரத்தைப் பகிருங்கள். ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களும் கண் நீர் அழுத்தம் உள்ளவர்களும் தலைகீழ் ஆசனம் பக்கம் போகக்கூடாது. வயிறு காலியாக இருக்க வேண்டும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டால் நாலு மணி நேர இடைவெளி.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி பயிற்சிக்கு மூன்று நிபந்தனை சொல்கிறார்: நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு. முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதைக் கெடுப்பது வாட்ஸ்ஆப் குழு. தினம் போட்டோ போடத் தொடங்கியதும் யார் அதிகம் வளைகிறார் என்பதே பேச்சாகிவிடும், வளையாதவர் ஓசையில்லாமல் விலகுவார். வாரம் ஒரு நாள் நாலு பேர் நேரில் கூடிச் செய்வது எவ்வளவோ மேல். செய்த நாளைக் குறிக்க மாதக் காலண்டரே வசதி. தினசரிக் காலண்டரில் குறித்தால் மறுநாள் கிழித்துப் போட்டுவிடுவீர்கள்!

பத்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் முதல் நாளே 12 சுற்று போட்டால் வலி அன்று தெரியாது, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் தொடையும் தோளும் பிடித்துக்கொள்ளும். பலர் இரண்டாம் தடவை நிறுத்துவது அந்த மூன்றாம் நாளில். அன்றைக்கு நாடி சுத்தியும் சவாசனமும் மட்டும் செய்துவிட்டுப் பாயைச் சுவரில் சாய்த்து வையுங்கள், கட்டிலுக்கு அடியில் வேண்டாம்.