மீகாங் கழிமுகத்தில் இளைஞர்களோடு வேலை செய்தபோது

இறால் வளர்ப்பில் நீர்த்தர ஆலோசகராக வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் என்னோடு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். கான் தோ பல்கலைக்கழகத்தில் மீன்வளம் படித்துவிட்டு வந்தவர்கள் சிலர். பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு அப்பாவின் குளத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் பலர். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்களும் இருந்தார்கள். வியட்நாம் இளைஞர்களைப் பற்றி வெளியுலகம் பேசும்போது ஹனோயின் மென்பொருள் நிறுவனங்களும், பாக் நின் மாகாணத்தின் கைபேசித் தொழிற்சாலைகளும், 2030க்குள் 50,000 குறைக்கடத்திப் பொறியாளர்களை உருவாக்கும் அரசுத் திட்டமும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. அவையெல்லாம் பேசப்பட வேண்டியவையே. ஆனால் தொழில்நுட்ப மாற்றமும் பருவநிலை மாற்றமும் ஒரே குடும்பத்தின் மீது ஒரே ஆண்டில் வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் கழிமுகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே நான் கண்ட வரையில், இளைஞர்களின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அவர்களுடைய திறமை மட்டுமே என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு போகம் கைவிட்டுப் போனால் அடுத்த போகத்துக்கு எழுந்து நிற்க முடிந்த குடும்பம் எது, முடியாத குடும்பம் எது என்பதுதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்டின் நெல்லில் பாதிக்கு மேலும், ஏற்றுமதியாகும் அரிசியில் ஏறக்குறைய 90 விழுக்காடும் இந்தக் கழிமுகத்திலிருந்தே வருகின்றன. ஆனால் இதன் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து 80 சென்டிமீட்டர் அளவுதான் என்று 2019இல் வெளியான அளவீட்டு ஆய்வு காட்டியது. கடல் உயர்கிறது, நிலமோ தாழ்கிறது. வீட்டுக்கும் ஆலைக்கும் பண்ணைக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் மண் அமுங்குகிறது. சீனாவின் யுன்னான் மாகாணம் தொடங்கி மேலே கட்டப்பட்ட அணைகள் வண்டலைத் தடுத்து நிறுத்துகின்றன. வருகிற மணலையும் கட்டுமானத்துக்காக ஆற்றிலிருந்தே அள்ளிக்கொண்டு போகிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் கோடையில் உப்புநீர் இவ்வளவு தூரம் உள்ளே வருகிறது. 2016இல் சில இடங்களில் 90 கிலோமீட்டர் வரை ஏறியது. 2020இல் ஐந்து மாகாணங்கள் நெருக்கடி நிலையை அறிவித்தன. நெல்லுக்கு லிட்டருக்கு 4 கிராம் உப்பு என்பதை அபாய எல்லையாக வைத்திருக்கிறார்கள். துரியன் போன்ற பழமரங்கள் அதில் பாதியைக்கூடத் தாங்குவதில்லை. பென் ட்ரே மாகாணத்தில் குடிநீரைப் படகில் ஏற்றி விற்ற கோடை அந்த 2020தான். கா மா மாகாணத்தில் வாய்க்கால்கள் வற்றியபோது கரையோரச் சாலைகள் பிளந்து உள்ளே சரிந்தன.

நான் காவிரிக் கடைமடையில் பிறந்தவன். வயல் ஓரத்தில் வெள்ளை பூத்த மண்ணைச் சிறு வயதிலேயே பார்த்தவன். இறால் பண்ணைகளால் நிலமும் நீரும் உவர்ப்பதைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996இல் தீர்ப்பான பகுதி எங்களுடையது. அதனால் உப்பு என்றால் எதிரி என்ற நினைப்போடுதான் சோக் ட்ராங்குக்குப் போனேன். (2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்தபோது சோக் ட்ராங் கான் தோவோடும், பாக் லியூ கா மாவோடும் சேர்ந்துவிட்டன. ஊர்க்காரர்களைப் போலவே நானும் பழைய பெயர்களையே சொல்கிறேன்.) அங்கே இளைஞர்கள் உப்பைக் காலண்டரில் குறித்துவைத்து அதோடு வேலை செய்வதைக் கண்டேன். கோடை மாதங்களில் ஆற்று நீர் உவர்க்கும்போது அதையே வயலுக்குள் விட்டு இறால் வளர்க்கிறார்கள். மழை வந்து மண்ணிலிருந்து உப்பைக் கழுவிய பிறகு அதே வயலில் நெல் நடுகிறார்கள். இறாலின் கழிவு நெல்லுக்கு உரமாகிறது. வைக்கோலும் தாளும் மக்கி அடுத்த முறை இறாலுக்கு உணவை வளர்க்கின்றன. சோக் ட்ராங்கைச் சேர்ந்த பொறியாளர் ஹோ குவாங் குவாவும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 2019இல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு பெற்ற எஸ்டி25 ரகம் இப்படிப்பட்ட இறால்–நெல் வயல்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. 2017 நவம்பரில் வியட்நாம் அரசு கொண்டுவந்த 120ஆம் தீர்மானம், உவர்நீரையும் நன்னீரைப் போலவே ஒரு வளமாகக் கருத வேண்டும் என்ற திசையில் கொள்கையைத் திருப்பியது. எப்பாடுபட்டாவது நெல் என்ற பழைய பிடிவாதத்தை அது தளர்த்தியது. இளைஞர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய வாய்ப்பு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். கருவிகளெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

கருவிகள் கொண்டுவந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் இரவைச் சொல்கிறேன். மீ சூயென் பக்கத்தில் விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்திய பண்ணையில், தார்ப்பாய் விரித்த வனாமி இறால் குளங்களை இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி கவனித்துக்கொண்டிருந்தாள். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் சென்சார் ஒவ்வொரு குளத்திலும் மிதக்கும். அளவு குறைந்தால் கைபேசியில் அலாரம் அடிக்கும். விடிவதற்கு முன்னால்தான் ஆக்சிஜன் மிகவும் இறங்கும் என்பதால் அந்த நேரத்து அலாரத்தை யாரும் அலட்சியம் செய்ய மாட்டார்கள். அன்று மூன்று மணி அளவில் அலாரம் அடித்தது. குளத்தின் சொந்தக்காரர், ஐம்பதைக் கடந்த விவசாயி, ஆக்சிஜன் பொடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவள் முதலில் இருப்பில் இருந்த ஏரேட்டரை, அதாவது நீரில் காற்றைக் கலக்கும் இயந்திரத்தை, போட்டாள். பிறகு, “கொஞ்சம் பொறுங்கள் சித்தப்பா” என்று சொல்லிவிட்டு, இறால் தீவனம் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கிவைக்கும் செக் ட்ரேயைத் தூக்கினாள். தட்டில் தீவனம் மிச்சமில்லை. நாலைந்து இறால்களைக் கையில் எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குடல் முழுதும் நிறைந்து கறுத்த கோடாகத் தெரிந்தது, ஈரல் பகுதியும் நிறம் மாறாமல் இருந்தது. கையடக்க மீட்டரை விட்டுப் பார்த்தபோது ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. சென்சாரை மேலே எடுத்தால் முனையில் வழவழவென்று பாசி படிந்திருந்தது. அந்தப் பாசியும் சுவாசிப்பதால் முனைக்கு மிக அருகே மட்டும் ஆக்சிஜன் குறைந்து, அளவு பொய்யாக இறங்கிக் காட்டியிருந்தது. மெல்லிய துணியால் துடைத்து மறுபடி இறக்கினாள். நேரம், அளவு, செய்த வேலை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதினாள். அந்த மூட்டையின் விலை சித்தப்பாவுக்கு மிச்சமானது.

அவள் செய்தது இயந்திரம் செய்கிற வேலையும் இல்லை, அவளுடைய அப்பா தலைமுறை செய்துவந்த வேலையும் இல்லை. கருவி சொல்வதைக் கேட்கவும், கருவியை நம்பாமல் இறாலைக் கேட்கவும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த நடுவேலைக்கான ஆட்கள் கழிமுகம் முழுவதும் தேவைப்படுகிறார்கள். முன்பெல்லாம் கோடையில் வெப்பம் எப்போது ஏறும், மழை எப்போது வரும் என்பது பெரியவர்களுக்கு மனப்பாடமாக இருந்தது. இப்போது உச்சக் கோடையில் உப்புத்தன்மை ஏறி இறாலின் வளர்ச்சி நின்றுபோகிறது. அதே கோடையில் எதிர்பாராமல் ஒரு பெருமழை கொட்டி, மேல் நீர் நன்னீராகவும் அடிநீர் உவர்நீராகவும் பிரிந்து, காரத்தன்மை இறங்கி, ஒரே இரவில் குளம் நோய்க்குத் தயாராகிறது. 2011, 2012 வாக்கில் கழிமுகத்தைப் புரட்டிப்போட்ட இறால் ஈரல் அழுகல் நோய்க்கு ஒரு பாக்டீரியாவே காரணம் என்று 2013இல் கண்டறியப்படும் வரை விவசாயிகள் இருட்டில் தடவிக்கொண்டிருந்தார்கள். இன்று அதே பகுதி இளைஞர்கள் நீர் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவை ஸாலோ என்ற கைபேசிச் செயலியின் குழுவில் பகிர்ந்து, பக்கத்துக் குளத்துக்காரரையும் எச்சரிக்கிறார்கள். ஐரோப்பிய வாங்குபவர்கள் குஞ்சு எங்கிருந்து வந்தது, என்ன மருந்து போடப்பட்டது என்று கேட்கும் பதிவுகளையும் இவர்களே பராமரிக்கிறார்கள். 2022இல் 400 கோடி டாலரைத் தாண்டிய இறால் ஏற்றுமதியில் இந்தக் கணக்குப் புத்தகங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இதைப் பார்த்துவிட்டு, தொழில்நுட்பம் வந்தால் இளைஞர்கள் ஊரிலேயே தங்கிவிடுவார்கள் என்று முடிவுகட்டுகிறவர்களைக் கூட்டங்களில் சந்தித்திருக்கிறேன். 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரையிலான பத்தாண்டுகளில் கழிமுகத்தை விட்டு வெளியேறியவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். தார்ப்பாய், ஏரேட்டர், ஜெனரேட்டர், சென்சார், மின் இணைப்பு என்று ஒரு சிறு குளத்தை நவீனமாக்கச் வியட்நாம் நாணயத்தில் சில நூறு மில்லியன் டொங் வேண்டும். வங்கியில் கடன் கேட்டால் முதலில் கேட்பது “சிவப்புப் புத்தகம்” என்று எல்லோரும் சொல்லும் நில உரிமைச் சான்றிதழை. அது ஏற்கெனவே அடகில் இருந்தால், தீவனக் கடைக்காரரிடம் கடனுக்குத் தீவனம் வாங்கி, அறுவடையில் கூடுதல் விலையோடு கழிக்க வேண்டும். ஒரு போகம் வெண்புள்ளி நோயில் போய்விட்டால், வசதியுள்ளவர் குளத்தைக் காயவைத்துச் சுண்ணாம்பு போட்டு மறுபடி குஞ்சு விடுவார். இல்லாதவருடைய மகன் அடுத்த வாரமே பேருந்து ஏறுவான். சோக் ட்ராங்கிலும் ட்ரா வின்னிலும் கணிசமாக வாழும் கெமர் சிறுபான்மை இனத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அடகு வைக்கவும் நிலம் கிடையாது.

நிலமற்றவர்களுக்குத் தொழில்நுட்பம் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. நெல் வயல்களில் இப்போது ட்ரோன் மூலம் விதைக்கிறார்கள், உரமிடுகிறார்கள், மருந்தடிக்கிறார்கள். ட்ரோனை ஓட்டுகிற பையனுக்குப் பருவ காலத்தில் ஓய்வே இருக்காது. ஊரில் அவனுக்கு மரியாதை உண்டு. மருந்து உடம்பில் படாமல் வேலை முடிகிறது என்பதும் சிறிய நன்மை அன்று. ஆனால் முதுகில் தெளிப்பானைச் சுமந்து நாள்கூலி வாங்கிய ஆட்களுக்கு அந்தக் கூலி நின்றுவிட்டது. 2023இல் அங்கீகரிக்கப்பட்ட, பத்து இலட்சம் ஹெக்டேரில் குறைந்த உமிழ்வோடு தரமான நெல் விளைவிக்கும் திட்டம் நல்ல திட்டம். நீரைக் காயவிட்டுப் பாய்ச்சுவது, விதையைக் குறைப்பது, வைக்கோலைக் கொளுத்தாமல் எடுப்பது எல்லாமே மண்ணுக்கும் காற்றுக்கும் நல்லது. அதில் வேலையிழக்கும் கூலி வீட்டுப் பிள்ளைக்கு என்ன பயிற்சி, எந்த வேலை என்ற கேள்வியையும் அதே திட்டத்துக்குள் வைத்துத்தான் பேச வேண்டும். வியட்நாமின் உழைப்பாளர்களில் சான்றிதழோடு கூடிய தொழிற்பயிற்சி பெற்றவர்கள் கால் பங்கைச் சற்றே தாண்டுகிறார்கள். கழிமுகத்தில் அந்தப் பங்கு அதைவிடவும் குறைவு.

பேருந்து ஏறியவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்வது ஹோ சி மின் நகரத்தைச் சுற்றியுள்ள ஆடை, காலணித் தொழிற்சாலைகளுக்கு. வியட்நாமின் ஆடை, காலணித் தொழிலாளர்களில் 86 விழுக்காட்டினரின் வேலை இயந்திரமயமாக்கத்தால் பெரும் ஆபத்தில் இருப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2016இல் கணித்தது. அந்த வேகத்தில் அது நடக்கவில்லை. ஆனால் 2021 அக்டோபரில் ஊரடங்கு தளர்ந்தவுடன் குழந்தைகளையும் மூட்டைகளையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கழிமுகத்துக்குத் திரும்பிய இலட்சக்கணக்கானவர்களையும், 2022 இறுதியில் ஏற்றுமதி ஆணைகள் குறைந்தபோது வேலை இழந்தவர்களையும் நினைத்தால், அந்த வேலைகள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பது புரியும். எங்கள் பண்ணைக்கு வந்த ஒருவர் ஒன்பது ஆண்டுகள் காலணித் தொழிற்சாலையில் இருந்தவர். “முப்பத்தைந்து வயதாகிவிட்டது அண்ணா, இனி புதிய இடத்தில் எடுக்க மாட்டார்கள்” என்றார். இயந்திரப் பழுதை ஓசையிலேயே கண்டுபிடிக்கும் அவருடைய பழக்கம் ஏரேட்டர் பராமரிப்பில் எங்களுக்குப் பெரிதும் உதவியது. நகரத்திலிருந்து திரும்பியவர்களைத் தோற்றுப்போனவர்களாகப் பார்க்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. அது எனக்கு மனவருத்தம் தந்தது. ஒழுங்கான நேரக் கணக்கு, இயந்திர அறிவு, பாதுகாப்புப் பழக்கம் ஆகியவற்றை அவர்கள் கூடவே கொண்டுவருகிறார்கள்.

இறால் பண்ணைகளைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோடையில் உப்பு ஏறினால் அதைத் தணிக்கப் பல பண்ணைகள் நிலத்தடி நீரையே இறைக்கின்றன. அதனால் நிலம் இன்னும் தாழ்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நீரை வெளியேற்றாமல் சுழற்சியில் வைத்திருக்கும் முறைக்கு இளைஞர்கள் ஆர்வத்தோடு மாறுகிறார்கள். அதற்கு மின்சாரம் அதிகம் வேண்டும், கூரையில் சூரியத் தகடு போடவும் மறுபடி பணம்தான் வேண்டும். 2019, 2020இல் அரசு கொடுத்த கொள்முதல் விலையால் நாட்டில் சூரிய மின்சாரம் மளமளவென்று வளர்ந்தபோது முன்கூட்டியே முதல் போட முடிந்தவர்களே அதில் பயனடைந்தார்கள்.

என்னைக் கேட்டால், கழிமுகத்தின் இளைஞர்களுக்கு இப்போது முதலில் தேவைப்படுவது கடனின் முறை மாறுவதுதான். அந்தப் பெண் எழுதிவைக்கும் பதிவேட்டில் ஒரு குளத்தின் தினசரி ஆக்சிஜன், உப்புத்தன்மை, தீவனம், இறப்பு, அறுவடை எல்லாம் பல போகங்களுக்கு இருக்கின்றன. ஒரு வங்கி அதிகாரி அந்தக் குளத்தையும் அதை நடத்துகிறவரையும் மதிப்பிடுவதற்குச் சிவப்புப் புத்தகத்தைவிட அது சிறந்த ஆவணம். அதை அடிப்படையாக வைத்துக் கூட்டுறவின் பெயரில் கடனும், நோயாலோ உப்பாலோ போகம் அழிந்தால் அடுத்த போகத்துக்கான குஞ்சுக்கும் தீவனத்துக்கும் மட்டுமாவது காப்பீடும் கிடைத்தால், நிலமில்லாத தொழில்நுட்பப் பணியாளரும் குத்தகைக் குளத்தில் சொந்தமாகத் தொடங்க முடியும். அந்தப் பெண்ணுக்குச் சம்பளத்தோடு அறுவடையில் ஒரு சிறு பங்கும் உண்டு. அந்தப் பங்கைச் சேர்த்துவைத்துப் பக்கத்தில் ஒரு குளத்தைக் குத்தகைக்குக் கேட்டிருந்தாள். உரிமையாளர் இரண்டு போகங்களுக்கான முன்பணம் கேட்டார். அவளிடம் ஒரு போகத்துக்கானது இருந்தது.