பஞ்சுருட்டானுக்கு 300 போதுமா? லென்ஸ் வாங்கும் முன் பாலாற்றங்கரையில் போட்டுப் பார்த்த கணக்கு

பறவைப் படம் எடுக்கப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை எம்எம் (லென்ஸின் குவியத் தூரம்) வேணும்?" அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, பறவையின் மேல் எத்தனை பிக்சல் விழுகிறது என்பது. பறவையின் நீளத்தை லென்ஸின் எம்எம்மால் பெருக்கி, தூரத்தால் வகுக்கவும். எல்லாம் மில்லிமீட்டரில். வருவது சென்சாரில் விழும் உருவத்தின் நீளம். 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) கேமரா பாடியில் ஒரு மி.மீ.க்குச் சுமார் 255 பிக்சல்.

பாலாற்றங்கரை மின்கம்பிகளில் தினமும் உட்காரும் பஞ்சுருட்டானையே எடுத்துக்கொள்வோம். வால்கம்பியை விட்டால் ஒரு சாண்கூட இல்லை, 17 செ.மீ. 20 மீட்டரில் 300 மி.மீ. லென்ஸ் தருவது 650 பிக்சல். 500 மி.மீ. என்றால் 1,080. அதே 300ஐ வைத்துக்கொண்டு 10 மீட்டருக்கு நெருங்கினால் 1,300! இறகு இறகாகத் தெரிய 1,000க்கு மேல் வேண்டும். போனில் பார்க்க 600 போதும். பஞ்சுருட்டான் பழகிய குருவி. நேராகப் போகாமல் பக்கவாட்டில் கோணலாக நடந்து, அது தலையைத் திருப்பிப் பார்க்கும்போது நின்றுவிட்டால் 10 மீட்டர் கிடைக்கும். வண்டியை விட்டு இறங்காமல் இருந்தால் இன்னும் சுலபம்.

வேலூர்க் கோட்டை அகழியில் இந்த வித்தை பலிக்காது, தண்ணீரில் நடக்க முடியாதே. 40 மீட்டரில் கல்லின் மேல் சிறகை விரித்துக் காயவைக்கும் சின்ன நீர்க்காகம் (50 செ.மீ.) 300இல் 950 பிக்சல், 500இல் 1,600 வரும். நீளமான லென்ஸுக்குக் கொடுக்கும் காசு இங்கேதான் வேலை செய்கிறது. காவேரிப்பாக்கம் ஏரி வேறு கதை. 150 மீட்டரில் மிதக்கும் புள்ளிமூக்கு வாத்துக்கு 600 மி.மீ. லென்ஸ் போட்டாலும் 600 பிக்சலைத் தாண்டுவது கஷ்டம். அதுவும் வெயில் ஏறும் வரைதான். வேலூர் வெயிலில் 9 மணிக்கு மேல் வறண்ட ஆற்று மணலைத் தாண்டி எடுத்தால் கானல் அலை படத்தைக் குழைத்துவிடும். லென்ஸ் ஃபோகஸ் ஆகவில்லை என்று நினைத்துச் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் 8 மீட்டரில் உள்ள எதையாவது எடுத்துப் பாருங்கள். அது கூர்மையாக வந்தால் குற்றம் காற்றில்தான்.

காசைப் பிரிக்கும்போது பாடிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி லென்ஸுக்கு. பழைய பாடி, நல்ல லென்ஸ்.

நிகானில் செகண்ட் ஹேண்ட் டி7200 இன்னும் நல்ல பேரம். உள்ளே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் தனக்கென மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸும் ஓடும், ஃபோகஸ் ஃபைன் டியூனும் (ஃபோகஸ் முன்னோ பின்னோ தள்ளி விழுந்தால் திருத்தும் வசதி) உண்டு. டி3500, டி5600 இரண்டிலும் இந்த இரண்டும் கிடையாது. இன்னொரு பொறி: ஏஎஃப்-பி வகை 70-300 லென்ஸ் விலை குறைவு, எடை குறைவு, கூர்மையும் உண்டு, ஆனால் டி7000, டி90, டி5100 போன்ற பாடிகளில் அது ஃபோகஸே ஆகாது. மலிவாகக் கிடைத்ததே என்று இரண்டையும் தனித்தனியாக வாங்கிவிட்டு விழிக்க வேண்டாம்.

கேனானில் ஆரம்பத்துக்கு 55-250 எஸ்டிஎம். வெறும் 375 கிராம். பறக்கும் பறவைதான் குறி என்றால் பழைய 400 மி.மீ. எஃப் 5.6. அதில் ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி) இல்லை, அதனாலேயே பலர் ஒதுக்குகிறார்கள். 1/1600 நொடி ஷட்டரில் பறவை எடுக்கும்போது ஸ்டெபிலைசர் பெரிதாக எதுவும் செய்யப்போவதில்லை. எடை 1,250 கிராம்தான். நிகான் 200-500 காலரோடு (டிரைபாடில் மாட்டும் வளையம்) 2,300 கிராம், சிக்மா 150-600 கன்டெம்பரரி 1,930. அரை மணி நேரம் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காலை வெயிலில் அப்பர்ச்சர் எஃப் 6.3, ஷட்டர் 1/1600, ஐஎஸ்ஓ 400 சரியாக அமைகிறது. அமிர்திக் காட்டு நிழலுக்குள் போனால் அதே எஃப் 6.3க்கு ஷட்டரை 1/250க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்ற வேண்டிவரும். உட்கார்ந்த பறவை கிடைக்கும், தாவுகிற தையல்சிட்டு கிடைக்காது. லென்ஸின் எம்எம்மை 1.4 மடங்காக்கும் 1.4 கன்வெர்ட்டர் போட்டால் 6.3 என்பது 9 ஆகும். பெரும்பாலான பழைய பாடிகளில் ஆட்டோஃபோகஸ் படுத்துவிடும். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். நிகான் பி900 மாதிரி, லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா அகழி நீர்க்காகத்துக்கு நன்றாகவே போதும். ஆனால் பி900இல் ரா (சென்சார் தரும் பதப்படுத்தாத கோப்பு) கிடையாது (பி950இல் உண்டு), பறக்கும் பஞ்சுருட்டானை அதில் துரத்துவது வீண் வேலை.

பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். தூசி நாலு இருந்தால் பரவாயில்லை. பிறகு முழு ஜூமில், அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, 10 மீட்டரில் எழுத்துள்ள அட்டைப்பெட்டியும் பக்கத்தில் சாய்த்த ஸ்கேலும் வைத்து 20 படம். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபோகஸைக் கலைத்துவிட்டு எடுக்க வேண்டும். எல்லாப் படத்திலும் ஃபோகஸ் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் ஃபைன் டியூனில் சரியாகும். முன்னும் பின்னுமாகச் சிதறினால் எதிலும் சரியாகாது. டி7200இல் ஒரு லென்ஸுக்கு ஒரே எண்தான், ஆகவே அதிகம் எடுக்கும் தூரத்துக்கே வையுங்கள். சிக்மாவுக்கு யுஎஸ்பி டாக் (லென்ஸைக் கணினியோடு இணைக்கும் கருவி) வாங்கினால் 4 ஜூம் நிலை, 4 தூரம் என்று 16 இடத்தில் திருத்தலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகும்.

டிரைபாடுக்கு இப்போது செலவு செய்ய வேண்டாம். பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, ஒன்றரை கிலோ பச்சரிசி நிரப்பி மறுமுனையையும் தைத்தால் மூட்டை தயார். அகழிக் கைப்பிடிச் சுவரிலும் கார் ஜன்னலிலும் கச்சிதமாக உட்காரும். முக்கால்வாசிதான் நிரப்ப வேண்டும், முழுக்க அடைத்தால் லென்ஸ் உருளும். ஐப்பசி மழையில் நனைந்தால் அரிசி புளித்து நாறும். மழைக்காலத்துக்கு அரிசியைக் கொட்டிவிட்டுத் தெர்மோகோல் மணி போடுங்கள்.